தாத்தாவின் வாட்ச் எந்த வருஷத்தது? எட்டு மாதத் தேடலில் நான் இழந்ததும் கற்றதும்

பழைய கைக்கடிகாரம் ஒன்றின் வயதைக் கண்டுபிடிப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்து வேலை என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். எட்டு மாதம் ஆகிவிட்டது. கணக்குப் போட்டுப் பார்த்தால் என்னுடைய ஒன்றரை மாதச் சம்பளமும் போயிருக்கிறது. பணத்தை மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம். ஆனால் இதில் நானே கொண்டுபோய்க் கொடுத்து அழித்த ஒன்று இருக்கிறது, அது இனி எவ்வளவு கொடுத்தாலும் வராது. முன்கூட்டியே யாராவது ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அது நடந்திருக்காது. வீட்டில் பழைய வாட்ச் வைத்திருப்பவர்கள் அதைத் தூக்கிக்கொண்டு ரிப்பேர் கடைக்குப் போவதற்கு முன்னால் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

அம்மாவுடைய அப்பாவின் வாட்ச் அது. ஒமேகா, ஸ்டீல் கேஸ், சாவி கொடுக்கும் வகை. அவர் போன பிறகு அம்மா என்னிடம் கொடுத்தார். டயல் ஒரு காலத்தில் வெள்ளையாகவோ வெள்ளியாகவோ இருந்திருக்க வேண்டும், என் கைக்கு வந்தபோது பழுத்த நிறத்துக்கு மாறியிருந்தது. நாலாம் எண் பக்கத்தில் ஈரம் பட்டது போல ஒரு கறை. ஒவ்வொரு மணிக்கும் எதிரே கடுகைவிடச் சின்னதாக ஒரு புள்ளி, இருட்டில் ஒளிர்வதற்காக வைத்தது, அதெல்லாம் பழுப்பேறிக் கிடந்தது. வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: 1948-இல் தாத்தா கல்யாணத்துக்கு வந்த வாட்ச். நானும் அதை உறுதிப்படுத்தி, பாட்டியின் படத்தோடு சேர்த்து வைக்கலாம் என்றுதான் தேட ஆரம்பித்தேன்.

முதல் தப்பு கத்தி. பின்மூடி திறந்தால் உள்ளே எண் இருக்கும் என்று எங்கோ படித்துவிட்டு, ஒரு சின்னக் கத்தி முனையை ஓரத்தில் கொடுத்து நெம்பினேன். மூடி திறந்தது, ஆனால் கத்தி வழுக்கி கேஸின் பக்கவாட்டில் ஒரு நீளக் கோடு போட்டது. அறுபது வருஷம் அவர் கையில் இருந்து விழாத கோடு. பின்மூடியில் சுற்றிலும் சின்னப் பள்ளங்களோ பட்டையான விளிம்போ இருந்தால் அது திருகித் திறப்பது, அதற்குத் தனிச் சாவி வேண்டும், நெம்பினால் கெடும். வழவழவென்று இருந்து ஓரிடத்தில் மட்டும் நகம் நுழையும் அளவு இடுக்கு இருந்தால் அழுத்தி மூடியது. அதற்கும் முனை மழுங்கிய தகடு போன்ற கருவி விற்கிறது. இரண்டுமே நமக்குப் பழக்கமில்லை என்றால் திறக்கத் தெரிந்தவரிடம் போய், பக்கத்திலேயே உட்கார்ந்து திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, அப்படியே மூடி வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். திறந்திருக்கும்போது உள்ளே ஊதக்கூடாது, விரல் வைக்கக்கூடாது. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கும் பாலன்ஸ் சக்கரத்துக்கு மேலே இருக்கும் ஹேர் ஸ்பிரிங் தலைமுடி போலத்தான், ஒரு தடவை நெளிந்தால் நல்ல கைக்காரர் வேண்டும் அதை நேராக்க.

இரண்டாவது தப்பு, கண்ணில் பட்ட முதல் எண்ணைப் பிடித்துக்கொண்டது. மூடியின் உட்புறத்தில் 135 என்று தொடங்கும் ஓர் ஆறு இலக்க எண் பெரிதாக இருந்தது. அதைக் குறித்துக்கொண்டு ஒமேகா வரிசை எண் பட்டியலில் தேடினால், வாட்ச் 19-ஆம் நூற்றாண்டுக்குப் போகிறது! ஆண்கள் கைக்கடிகாரம் அவ்வளவாகக் கட்டாத காலம் அது. அப்போது இது போலி என்று ஒரு சந்தேகம் வந்து, மூன்று வாரம் யாரிடமும் சொல்லாமல் மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு அவ்வளவு வேதனைப்பட்டேன். தாத்தாவை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்றே முடிவு கட்டிவிட்டேன்.

விஷயம் ரொம்பச் சாதாரணம். ஒரு பழைய வாட்சுக்குள் பல எண்கள் இருக்கும், ஒவ்வொன்றும் வேறு வேறு கேள்விக்குப் பதில். மூடிக்குள் இருப்பது பெரும்பாலும் மாடல் எண், அந்த மாதிரி கேஸ் எல்லாவற்றிலும் அதே எண்தான் இருக்கும். மெஷின் மேல் பொடியாக வெட்டியிருக்கும் மூன்று அல்லது நான்கு இலக்க எண் அந்த மெஷினின் வகை, காலிபர் என்பார்கள். அதே மெஷினில் இன்னோர் இடத்தில் இருக்கும் நீண்ட எண்தான் வரிசை எண், ஒமேகாவில் ஏழு அல்லது எட்டு இலக்கம் வரும், ஆண்டுக்குப் பக்கத்தில் நம்மைக் கொண்டுபோவது அதுதான். இது தவிர காப்புரிமை எண்கள் வேறு இருக்கும், பக்கத்தில் சிலுவைக் குறியோ ‘பிரெவெ’ என்ற சொல்லோ பார்க்கலாம். அந்த வாட்ச் அந்தக் காப்புரிமைக்கு முந்தியதல்ல என்பதைத் தவிர அதிலிருந்து எதுவும் கிடைக்காது. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள். மெஷின் எண் அன்றைக்கே என் கண் முன்னால்தான் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை.

எல்லா நிறுவனமும் ஒரே இடத்தில் எண் போடுவதில்லை. பழைய ரோலெக்ஸ் ஆய்ஸ்டர் வகைகளில் ஸ்ட்ராப் மாட்டும் காதுகளுக்கு நடுவே, ஸ்ட்ராப்பைக் கழற்றினால் தெரியும். 1950, 60-களில் வந்த ரோலெக்ஸ் பலவற்றில் மூடியின் உட்புறத்தில் ரோமன் எண்ணில் காலாண்டும் பக்கத்தில் ஆண்டும் இருக்கும். புலோவா 1950-இலிருந்து ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் வெட்டியது: எல் என்றால் ஐம்பதுகள், எம் அறுபதுகள், என் எழுபதுகள், ஆக எம்5 என்றால் 1965. சீக்கோவுக்கு மூடியைத் திறக்கவே வேண்டாம். பின்பக்கத்து வரிசை எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம், அக்டோபர் நவம்பர் டிசம்பருக்கு ஓ, என், டி. ஆனால் எந்தப் பத்தாண்டு என்பதை அது சொல்லாது. 8என் என்று தொடங்கினால் 1978 நவம்பராகவும் இருக்கலாம், 1988 நவம்பராகவும் இருக்கலாம். அதே மூடியில் இருக்கும் காலிபர் எண் எந்தக் காலத்தில் ஓடியது என்று பார்த்துத்தான் தீர்க்க முடியும். சில சமயம் அதிலும் தீராது, 7009 மாதிரி நீண்ட காலம் வந்த மெஷின் என்றால் டயல், மாடல் என்று மேலும் தேட வேண்டியிருக்கும். பெயரே கேள்விப்படாத சுவிஸ் வாட்ச் என்றால் பாலன்ஸ் சக்கரத்தின் அடியில் எட்டிப் பாருங்கள், மெஷின் செய்தவரின் சின்ன முத்திரை இருக்கும். ஏஎஸ், எஃப்எச்எஃப், யூனிடாஸ், ஈடிஏ போன்ற சில கம்பெனிகள்தான் நூற்றுக்கணக்கான பெயர்களுக்கு மெஷின் கொடுத்தன. டயலில் உள்ள பெயரைத் தேடுவதைவிட இந்த முத்திரையையும் எண்ணையும் தேடுவது வேகமாகப் பலன் தரும்.

இனி அந்த மூன்றாவது தப்பு. இதை எழுதும்போது இப்போதும் வயிறு கலங்குகிறது.

போலியா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஒரு வாட்ச் ரிப்பேர்க்காரரிடம் கொண்டுபோனேன். வயதானவர், கை நடுக்கமில்லாதவர், ஐம்பது வருஷமாக இதே வேலை. “ஐயா, இது எந்த வருஷத்து வாட்ச்னு பார்த்துச் சொல்ல முடியுமா?” என்றேன். கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். “நல்ல வாட்ச்மா. மெஷின் காய்ஞ்சு கிடக்கு. விட்டுட்டுப் போ, சர்வீஸ் பண்ணி, புதுசு மாதிரி ஆக்கித் தர்றேன்” என்றார். எனக்கு அந்தப் ‘புதுசு மாதிரி’ என்ற இரண்டு சொல் காதில் விழுந்தும் மனசில் ஏறவில்லை. சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு நாள் கழித்துப் போனால், டிஷ்யூ தாளில் சுற்றி எடுத்துக் கொடுக்கிறார். பளீரென்று வெள்ளை டயல். நாலாம் எண் பக்கத்துக் கறை இல்லை. ஒமேகா என்ற எழுத்து கொஞ்சம் தடிமனாக, மை கசிந்தது போல இருந்தது. ஒளிரும் புள்ளிகள் இருந்த இடத்தில் பச்சைப் பெயிண்ட். கேஸ் முழுக்க பாலிஷ், காதுகளின் கூரான விளிம்பெல்லாம் சோப்பு தேய்ந்த மாதிரி உருண்டு போயிருந்தது. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. நான் ஒன்றும் சொல்லவில்லை, பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்று அழுதேன். தாத்தாவின் கையில் நான் பார்த்த வாட்ச் அது இல்லை.

அவர் ஏமாற்றவில்லை. அவர் பார்த்த வாடிக்கையாளர்கள் எல்லாரும் புதுசு மாதிரிதான் கேட்டிருப்பார்கள். டயலை மறுபடி அடிக்க வேண்டுமென்றால் பழைய பூச்சையும் எழுத்தையும் உலோகம் தெரியும்வரை எடுத்துவிட்டுத்தான் அடிக்க முடியும். அதனால் பழையது அடியில் எங்கும் பத்திரமாக இருப்பதில்லை. கொடுக்கும்போதே நான் சொல்லியிருக்க வேண்டும், முடிந்தால் ஒரு தாளில் எழுதியே கொடுத்திருக்க வேண்டும்: மெஷினை மட்டும் சுத்தம் செய்து எண்ணெய் போடுங்கள். டயல், முள், கேஸ் மூன்றையும் தொடாதீர்கள். மாற்றிய பழைய உதிரி எதுவானாலும், உடைந்த கண்ணாடியாக இருந்தாலும், திருப்பிக் கொடுங்கள். இந்த மூன்று வரியை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும். அவரே தூக்கிப்போடும் கண்ணாடிக்கும் மதிப்பு உண்டு. பழைய ஒமேகா பிளாஸ்டிக் கண்ணாடிகளின் நட்டநடுவில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் மட்டும் தெரியும் அளவுக்குப் பொடியாக ஒமேகா குறி இருக்கும். என்னுடையதில் இருந்ததா என்று இனி தெரிந்துகொள்ள வழியில்லை.

அழகு போனதுகூடப் பரவாயில்லை. வயதைச் சொல்லும் சாட்சியும் அந்த டயலோடு போய்விட்டது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. வரிசை எண் மெஷினின் வயதைத்தான் சொல்லும். பழைய வாட்சுகளில் ஒன்றின் மெஷினை இன்னொன்றின் கேஸில் போட்டு, மூன்றாவது ஒன்றின் டயலை மாட்டி விற்பது சர்வ சாதாரணம். அதனால் மெஷின், கேஸ், டயல் மூன்றும் ஒரே காலத்தைச் சொல்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் வாட்சின் வயதைப் பற்றிப் பேசவே முடியும். டயலின் அடிப்பகுதியில், ஆறாம் எண்ணுக்குக் கீழே, கண்ணாடி விளிம்போடு ஒட்டி ஒரு பொடி வரி இருக்கும். அதில் வெறும் ‘ஸ்விஸ்’ என்றோ ‘ஸ்விஸ் மேட்’ என்றோ இருக்கும், இரண்டு பக்கமும் டி என்ற எழுத்து இருந்தால் ஒளிரும் பூச்சு டிரிட்டியம் என்ற கதிரியக்கப் பொருள் என்று அர்த்தம். நாம் இருட்டில் மின்னும் எல்லாவற்றையும் ரேடியம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். உண்மையான ரேடியம் பூச்சு 1960-களின் தொடக்கம் வரைதான், அப்புறம் டிரிட்டியம் வந்தது, 1990-களில் கதிரியக்கமே இல்லாத பூச்சுகள் அதன் இடத்தைப் பிடித்தன. ஆக அந்த இரண்டு டி இருந்தால் 1948 என்பதற்கு இடமே இல்லை. என் புது டயலில் அந்த வரியே இல்லை, அடிக்காமல் விட்டுவிட்டார்கள்.

ரேடியம் என்றதும் ஒரு எச்சரிக்கை. ரேடியம் டயல் இப்போது மின்னாது, அதனால் வீரியம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். மின்னுவதை நிறுத்தியது கூடக் கலந்திருந்த வேதிப்பொருள். ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டு, அது அப்படியே இருக்கிறது. டிரிட்டியத்தின் அரை ஆயுள் 12 ஆண்டு சொச்சம், பழையதில் பெரும்பகுதி போயிருக்கும். 1960-களின் தொடக்கம் வரை வந்த ஒளிரும் டயல் என்றால் மூடியதை மூடியபடியே வைத்திருங்கள். புள்ளிகளைச் சுரண்டுவது, முள்ளைத் தேய்ப்பது, உதிர்ந்த தூளை ஊதுவது எதுவும் வேண்டாம், மூச்சில் போனால் ஆபத்து. குழந்தைகள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அழிந்த டயலுக்குப் பதில் அசல் டயல் ஒன்று வாங்கிப் போட்டுவிடலாம் என்று ஒரு வெறி வந்தது எனக்கு. இணையத்தில் ஒருவர் அதே மாடல், அசல் டயல் என்று முழு வாட்சாகவே விற்றார். படம் மங்கலாக இருந்தது, மெஷின் படம் கேட்டதற்கு நாளை அனுப்புகிறேன் என்றார், இன்னொருவர் கேட்கிறார் என்றும் சொன்னார். அவசரப்பட்டு அனுப்பிவிட்டேன் பணத்தை. நான் சொன்ன ஒன்றரை மாதச் சம்பளத்தில் பெரும்பங்கு இதுதான். வந்ததும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். நிமிடக் கோடுகள் மணியைக் காட்டும் கட்டைகளின் நடுவில் விழாமல் ஒரு முடி அளவு தள்ளி விழுந்திருந்தன. நிமிட முள் கோடுகளைத் தொடாமல் பாதியிலேயே நின்றது. அசல் வாட்சில் அது விளிம்புக் கோடுவரை போகும். டயலைக் கழற்றிப் பார்த்தபோது ஓரத்தில் அரத்தால் ராவிய சின்ன வெட்டு இருந்தது, மறுபடி அடிக்கிறவர்கள் அடையாளத்துக்காகப் போடுவது. மெஷினின் காலிபருக்கும் கேஸின் மாடல் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. விற்றவர் பதிலே போடவில்லை. மெஷின் படம், மூடியின் உட்புறப் படம், டயலின் அடிவரி தெளிவாகத் தெரியும் படம் இந்த மூன்றும் கைக்கு வராமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள். அதற்குள் இன்னொருவர் வாங்கிவிட்டால் வாங்கிவிட்டுப் போகட்டும்.

அதன் பிறகு இரண்டு மாதம் வாட்ச் பக்கமே போகவில்லை. ஒருநாள் பெரிய மாமாவோடு போனில் வேறு ஏதோ பேசிக்கொண்டிருக்கையில் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: “அது கல்யாண வாட்ச் இல்லையேம்மா. அந்த வாட்ச் நான் சின்னப் பையனா இருக்கும்போதே தொலைஞ்சு போச்சு. இது அப்பா பின்னாடி வாங்கினது. நான் ஹைஸ்கூல் போறப்போ அவர் கையில புதுசா இருந்தது நல்லா ஞாபகம் இருக்கு.” ஒரே ஒரு போன். எட்டு மாதத்தில் நான் அவரிடம் கேட்கவே இல்லை, ஏனென்றால் எல்லாருக்கும் தெரிந்த கதைதானே என்று நினைத்திருந்தேன். வீட்டுப் பெரியவர்களிடம் ‘எந்த வருஷம்’ என்று கேட்டால் சொல்லத் தெரியாது. ‘நீங்கள் எந்த வகுப்பில் இருந்தீர்கள், எந்த வீட்டில் இருந்தோம்’ என்று கேளுங்கள், டக்கென்று வந்துவிடும். மாமா 1964-இல் ஒன்பதாம் வகுப்பு.

அன்றைக்கு ராத்திரியே மறுபடி உட்கார்ந்தேன், இந்த முறை சரியான கருவியோடு. மெஷினில் காலிபர் 601, பதினேழு கல் (ஜுவல்). 1960-களில் வந்த மெஷின். வரிசை எண் 21-இல் தொடங்கும் எட்டு இலக்கம், பட்டியல்கள் அதை 1964-ஐ ஒட்டி வைக்கின்றன. இந்தப் பட்டியல்கள் எல்லாம் தோராயம், ஒன்றிரண்டு வருஷம் முன்னே பின்னே ஆகலாம், செய்த வருஷமும் விற்ற வருஷமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. (லாஞ்சீன்ஸ் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். அவர்களுடைய பழைய பதிவேடுகள் இன்னும் இருக்கின்றன, வரிசை எண்ணை அனுப்பிக் கேட்டால் பார்த்துச் சொல்கிறார்கள்.) மூன்று இலக்கம், ஒரு புள்ளி, மறுபடி மூன்று இலக்கம் என்ற வடிவத்தில் ஒமேகா மாடல் எண் போட ஆரம்பித்ததும் 1960-களின் தொடக்கத்தில்தான், அதற்கு முன் நான்கைந்து இலக்கம்தான் இருக்கும். என்னை 19-ஆம் நூற்றாண்டுக்கு இழுத்துப்போன அதே 135, இப்போது அறுபதுகள் என்று சொன்னது.

மூடியின் உட்புறத்தை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்தபோது இன்னொன்று தெரிந்தது. ஊசி முனையால் கீறியது போல, ஒரு கோணத்தில் மட்டும் தெரியும்படி, 3/66 என்று இருந்தது, பக்கத்தில் ஒரு கிறுக்கல் கையெழுத்து. சர்வீஸ் செய்த யாரோ போட்ட குறி. ரிப்பேர்க்காரர்கள் தாங்கள் பார்த்த தேதியை இப்படி மூடிக்குள் கீறி வைப்பது வழக்கம். 1966 மார்ச்சிலேயே இந்தக் கேஸ் யாரோ ஒருவர் மேஜையில் திறந்து கிடந்திருக்கிறது என்றால், அதற்குப் பிந்தியது என்ற பேச்சுக்கு இடமில்லை. என்னுடைய ரிப்பேர்க்காரர் உட்புறத்தைப் பாலிஷ் போடாமல் விட்டாரே என்று அவருக்கு மனசார நன்றி சொன்னேன்.

டயலுக்கு என்ன சாட்சி என்றுதான் கடைசிவரை உறுத்தியது. பழைய போனில் தேடினேன். என் மகள் பிறந்த புதிதில் தாத்தா அவளைத் தூக்கி வைத்திருக்கும் படம், அவளுடைய தலைக்குப் பின்னால் அவர் மணிக்கட்டு. பெரிதாக்கிப் பார்த்தேன். ஆறாம் எண்ணுக்குக் கீழே, இரண்டு பக்கமும், உடைந்த புள்ளிகளாக, டி. இடது பக்கம் தெளிவாகவே இருந்தது. இனி எந்தப் பழைய வாட்ச் கைக்கு வந்தாலும் முதல் வேலையாக ஜன்னல் வெளிச்சத்தில் டயலை, அதுவும் அடிவரியை நெருக்கமாக, படம் எடுத்துவிட்டுத்தான் மற்றதெல்லாம். திறந்தால் மெஷினையும் எண்ணோடு எடுத்து வைத்துவிடுங்கள். நான் எடுக்காததால், சர்வீஸுக்குக் கொடுத்த மெஷினும் வாங்கி வந்த மெஷினும் ஒன்றுதான் என்று எனக்குக் காட்ட வழியில்லை. காலிபர் அந்த மாடலுக்குப் பொருந்துகிறது, அவரும் நேர்மையானவர், நம்புகிறேன்.

பச்சைப் பெயிண்ட் டயலை மாற்றவில்லை, இனியும் தேடப் போவதில்லை. வாட்ச் டப்பாவுக்குள் ஒரு தாளை மடித்து வைத்திருக்கிறேன்: காலிபர், வரிசை எண், மாடல் எண், மூடிக்குள் உள்ள கீறல், மாமா சொன்னது, டயல் மறுபடி அடிக்கப்பட்டது என்ற விவரமும் அதன் தேதியும். அடியில் மணிக்கட்டுப் படத்தின் ஒரு பிரதி. 1948 என்று அம்மா முன்பு எழுதி ஒட்டியிருந்த சீட்டையும் எடுக்கவில்லை, அதுவும் உள்ளேதான் இருக்கிறது.